கால்நடைகளின் தோலடிக் கட்டிகள்: கத்தி வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கறவை மாட்டைக் குளிப்பாட்டும்போதோ, எருதுக்கு நுகத்தடி பூட்டும்போதோ, தோலுக்கடியில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுவது உண்டு. மாடு வழக்கம் போல் தீனி எடுக்கும். பாலும் குறையாது. ஆகையால் பல உழவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. கட்டி பெரிதானதும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் சீழ் கோத்திருக்கிறது என்று தாமே முடிவு செய்து சவரக் கத்தியால் கீறிவிடுகிறார்கள் அல்லது சூடு போடுகிறார்கள். வேறு சிலர் புற்று வந்துவிட்டது என்று அஞ்சிக் கிடைத்த விலைக்கு மாட்டைத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் நட்டமே மிஞ்சுகிறது.

நாங்கள் பார்த்த இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே கூறுவது பொருத்தமாக இருக்கும். உழவர் ஒருவர் தமது மூன்று மாதக் கிடாரிக் கன்றைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். கன்றின் தொப்புளில் சாத்துக்குடி அளவில் வீக்கம் இருந்ததாம். சீழ்க்கட்டி என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டு கீறச் செய்திருந்தார். அது சீழ்க்கட்டி அன்று, குடலிறக்கம். கீறிய வழியே குடல் வெளியே வந்து மண்ணில் புரண்டிருந்தது. கன்றைக் காப்பாற்ற இயலவில்லை.

மற்றொருவரிடம் கன்று ஈன்று மூன்று மாதமான கலப்பினப் பசு இருந்தது. அதன் தோளுக்கு முன்புறம் கட்டி புடைத்து, காய்ச்சலும் கண்டது. கழலை வந்த மாடு பிழைக்காது என்று யாரோ சொல்ல, அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் அதே ஊர்க்காரர். அவர் பசுவைக் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிவந்தார். இரத்தப் பூச்சைச் சோதித்ததில் உண்ணிகளால் பரவும் தைலீரியா நோய் என்று தெரிந்தது. உரிய ஊசி மருந்து கொடுத்தபின் கட்டி வாடியது, காய்ச்சல் விட்டது. அந்த ஈற்று முழுவதும் பசு பால் கறந்தது. விற்றவர் அந்தப் பாலையே விலைக்கு வாங்கிக் காப்பி போட வேண்டியதாயிற்று.

கன்றை இழந்தவரும் பசுவை விற்றவரும் செய்த பிழை ஒன்றுதான். கட்டி இன்னது என்று அறியும் முன்பே முடிவு கட்டிவிட்டார்கள். கட்டி இன்னது என்று எப்படி அறிவது, அறிந்தபின் என்ன செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கட்டி போல் தோன்றும் பிற வீக்கங்கள்

தோலுக்கடியில் தென்படும் வீக்கங்களில் பெரும்பாலானவை கழலைகள் அல்ல. உண்மையான கழலை என்பது உடல் திசுக்களே கட்டுப்பாடின்றிப் பெருகி உண்டாவது. கால்நடைகளின் தோலடியில் இது அரிதாகவே காணப்படும். ஆகவே முதலில் மற்ற வீக்கங்களை அடையாளம் கண்டு ஒதுக்குதல் வேண்டும்.

1. சீழ்க்கட்டி: முள் குத்தினாலோ, காயம் பட்டாலோ, சுத்தமற்ற ஊசி போட்டாலோ சில நாட்களில் தோன்றும். தொட்டால் சூடாக இருக்கும், மாடு வலியால் நெளியும். முதலில் கெட்டியாக இருந்து, பழுத்தபின் நடுவில் மெத்தென்று ஆகும்.

2. இரத்தக்கட்டு: வேறொரு மாடு முட்டியோ, வண்டி இடித்தோ தோலுக்கடியில் இரத்தம் தேங்குவது. சில மணி நேரத்திற்குள் பெரிதாகத் தோன்றும். தண்ணீர் நிரம்பிய பை போல் இருக்கும். இதை உடனே கீறினால் உடைந்த இரத்தக் குழாய் மீண்டும் பீறிட்டு மாடு இறக்கவும் கூடும். முதல் நாளில் குளிர்ந்த நீர் ஒத்தடம் கொடுக்கலாம். ஏழு முதல் பத்து நாட்கள் சென்றபின், தேவையானால் மருத்துவர் வடித்துவிடுவார்.

3. குடலிறக்கம்: கன்றுகளுக்குத் தொப்புளிலும், பெரிய மாடுகளுக்கு முட்டுப்பட்ட விலாப் பக்கத்திலும் வரும். மெல்ல அழுத்தினால் உள்ளே போய்விடும். உள்ளே போனபின் விரலுக்கு ஒரு வளையம் போன்ற துவாரம் தட்டுப்படும். கன்று மல்லாந்து கிடந்தால் வீக்கம் குறையும். ஆனால் குடல் சிக்கிக்கொண்டால் அழுத்தினாலும் உள்ளே போகாது. தொப்புள் வீக்கம் எதுவாயினும் கீறக் கூடாது.

4. நீர் வீக்கம்: தாடைக்கடியில் பை போல் தொங்கும். விரலால் அழுத்தினால் மாவில் அழுத்தியது போல் குழி விழுந்து சிறிது நேரம் நிற்கும். ஆடு மாடுகளில் இது பெரும்பாலும் குடற்புழுக்களாலும் ஈரல் தட்டைப் புழுவாலும் ஏற்படும் இரத்தச் சோகையின் அடையாளம். மாட்டின் நெஞ்சுத் தாடியில் இத்தகைய வீக்கம் கண்டால், தீனியோடு விழுங்கிய ஆணியோ கம்பியோ இதய உறையைக் குத்தியிருக்கக் கூடும். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

5. ஆடுகளின் நிணநீர்க் கணுக் கட்டி: காதுக்குக் கீழும், தோளுக்கு முன்னும், தொடைக்கு முன்னும் தோன்றும். உடைத்தால் பாலாடைக் கட்டி போன்ற கெட்டியான சீழ் வரும். இது நுண்ணுயிரால் வரும் தொற்று நோய். பட்டிக்குள்ளேயே இதை உடைத்து விட்டால் சீழ் பட்ட மண்ணும் தீவனத் தொட்டியும் மற்ற ஆடுகளுக்கு நோயைக் கொடுக்கும். கையில் புண் இருந்தால் மனிதருக்கும் தொற்றக் கூடும். நோயுற்ற ஆட்டைத் தனியே பிரித்து, கையுறை அணிந்த மருத்துவரைக் கொண்டே திறக்க வேண்டும். சீழை எரித்துவிட வேண்டும்.

6. தோல் கழலை நோய்: பெயரில் கழலை இருப்பினும் இது உண்மைக் கழலை அன்று, நச்சுயிரியால் வரும் அம்மை வகை நோய். 1929ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் இன்றைய ஸாம்பியா நாட்டில் முதன்முதலாக அறியப்பட்டது. நம் நாட்டில் 2019இல் ஒடிசாவில் கண்டறியப்பட்டு, 2022இல் குஜராத், ராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் பெருஞ்சேதம் விளைவித்தது. கடுமையான காய்ச்சலுடன் உடம்பெங்கும் வட்டமான கட்டிகள் ஒரே சமயத்தில் தோன்றும். கொசுவும் கடிக்கும் ஈக்களும் உண்ணிகளும் பரப்பும். இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு.

7. மரு: இளம் மாடுகளின் முகம், கழுத்து, மடிக் காம்புகளில் பூக்கோசு போல் சொரசொரப்பாகத் தோன்றும். இதுவும் ஒரு நச்சுயிரியால் வருவது. பெரும்பாலும் சில மாதங்களில் தானே உதிர்ந்துவிடும். அவசரப்பட வேண்டியதில்லை.

8. தடுப்பூசித் தடிப்பு: எண்ணெய் கலந்த தடுப்பு மருந்துகள் போட்ட இடத்தில் நெல்லிக்காய் அளவில் தடிப்பு ஏற்பட்டுச் சில வாரங்கள் இருக்கலாம். வலியும் சூடும் பெருகாவிட்டால் தானே கரைந்துவிடும். இதற்கு அஞ்சித் தடுப்பூசியைத் தவிர்க்கக் கூடாது.

9. நுகத்தடி வீக்கம்: உரசலால் எருதின் கழுத்தில் தோன்றி, ஓய்வு கொடுக்காவிட்டால் தடித்துக் கல் போல் ஆகிவிடும். ஆரம்பத்திலேயே ஓய்வு கொடுத்தால் எளிதில் குணமாகும்.

அரிதாக வரும் உண்மைக் கழலைகள்

மேற்கூறிய எதிலும் சேராமல், சூடும் வலியும் இன்றி, வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே வரும் கட்டியைக் கழலையாக இருக்குமோ என்று ஐயப்பட வேண்டும். கழலைகளில் சாதுவானவை உண்டு, கொடியவையும் உண்டு. சாதுவான கழலை தன் இடத்தில் உறை கட்டிக்கொண்டு மெதுவாக வளரும். கொடிய கழலை பக்கத்துத் தசைக்குள் வேர் விட்டு, இரத்தத்தின் வழியாகவும் நிணநீர் வழியாகவும் நுரையீரல் முதலிய உறுப்புகளுக்குப் பரவும். இதையே புற்று என்கிறோம்.

கொழுப்புக் கழலை மெத்தென்று, விரலுக்கு வழுக்கி நகரும். வயதான நாய்களில் அடிக்கடியும் மாடுகளில் அபூர்வமாகவும் காணப்படும். பெரும்பாலும் சாதுவானது. நார்க் கழலை ரப்பர் போல் கெட்டியாக இருக்கும். இதிலேயே கொடிய வகையும் உண்டு. அது தசையோடு ஒட்டிக்கொண்டு நகராது. இரத்தக் குழாய்க் கழலை சில சமயம் நீலம் பாய்ந்து தோன்றும். தெரியாமல் கீறினால் இரத்தத்தை நிறுத்துவது கடினம். நரம்பின் உறையிலிருந்து தோன்றும் கழலை மிக அரிது.

நிணநீர்ப் புற்றில் தோளுக்கு முன்னும் தொடைக்கு முன்னும் உள்ள கணுக்கள் வலியின்றிப் பெருக்கும். மாடு நாளுக்கு நாள் மெலியும். இதன் ஒரு வகை, இரத்தத்தின் மூலம் பரவும் நச்சுயிரியால் வளர்ந்த மாடுகளுக்கு வருவது. வேறு வகைகள் கன்றுகளிலும் இளம் மாடுகளிலும் தோன்றும். ஆனால் முன்பு கூறிய தைலீரியா நோயிலும் இதே கணுக்கள் பெருக்கும் என்பதை மறக்கக் கூடாது. தைலீரியா மருந்துக்குக் கட்டுப்படும், நிணநீர்ப் புற்று கட்டுப்படாது. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது.

கொம்புப் புற்று தோலடிக் கட்டி அன்று எனினும் உழவு எருது வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டும். இது நம் நாட்டு இன மாடுகளில், பெரிதும் நடுத்தர வயது எருதுகளில் வருவது. எருது தலையை அடிக்கடி உதறும், கொம்பை மரத்தில் தேய்க்கும். ஒரு பக்க மூக்கில் இரத்தம் கசியும். கொம்பின் அடி மென்மையாகிச் சாயும். கொம்பு சாயும் முன்பே கொண்டுவந்தால் அறுவை செய்து காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

கட்டியைக் கண்டவுடன் மாட்டை நிழலில் கட்டி, அமைதியாக நிற்கச் செய்து, பின்வருவனவற்றைப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கவும்.

முதலாவதாக, எந்த இடத்தில் உள்ளது, எப்போது கண்டது, அதற்கு முன் அடியோ ஊசியோ பட்டதா என்பது. இரண்டாவதாக, புறங்கையை வைத்துப் பார்த்தால் சுற்றுப்புறத்தை விடச் சூடாக உள்ளதா என்பது. மூன்றாவதாக, அழுத்தினால் வலிக்கிறதா, குழி விழுகிறதா, உள்ளே போகிறதா என்பது. நான்காவதாக, கட்டியை விரல்களால் பற்றி அசைத்தால் தோலோடு நகர்கிறதா, தசையோடு ஒட்டியுள்ளதா என்பது. ஐந்தாவதாக, ஒரே கட்டியா, பல கட்டிகளா என்பது. மறுபக்கத்திலும் அதே இடத்தில் தடவிப் பார்க்க வேண்டும். ஆறாவதாக, உடல் வெப்பம். வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் மாட்டிற்குச் சாதாரணமாக 101 முதல் 102 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். 103க்கு மேல் இருந்தால் காய்ச்சல் எனக் கொள்ளலாம். வெயிலில் மேய்ந்து வந்தவுடன் பார்க்கக் கூடாது.

கட்டியின் வளர்ச்சியை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு நூலைக் கட்டியின் மேல் நீள வாக்கில் வைத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை அளந்து முடிச்சிடவும். மற்றொரு நூலால் குறுக்கு வாக்கில் அளக்கவும். வாரம் ஒருமுறை அதே நாளில் அளந்து அடுத்த முடிச்சிடவும். “கொஞ்சம் பெருத்த மாதிரி இருக்கிறது” என்று சொல்வதைவிட இந்த நூலைக் காட்டினால் மருத்துவர் உண்மையை உடனே அறிந்துகொள்வார். ஆனால் ஐயத்திற்குரிய அடையாளம் ஏதேனும் இருப்பின் அளந்துகொண்டு காத்திருக்கக் கூடாது.

உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அடையாளங்கள்

கட்டி இரண்டு, மூன்று வாரங்களில் வேகமாகப் பெருத்தல். தசையோடு ஒட்டி அசையாதிருத்தல். மேல் தோல் வெடித்து ஆறாத புண்ணாதல், அடிக்கடி இரத்தம் கசிதல். அருகிலுள்ள நிணநீர்க் கணு பெருத்தல். ஒருமுறை அகற்றிய இடத்திலேயே மீண்டும் வளர்தல். நல்ல தீனி கொடுத்தும் மாடு மெலிதல். காய்ச்சலுடன் கணு வீங்குதல். கட்டியால் மூச்சு விடவோ, விழுங்கவோ, நடக்கவோ சிரமப்படுதல் ஆகியவை இருப்பின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. இவற்றில் ஒன்றைக் கொண்டு மட்டும் புற்று என்று தீர்மானிக்கவும் கூடாது. ஆறாத புண்ணுக்குள் ஒரு முள் இருக்கலாம். சாதுவாக நகரும் கட்டி கொடியதாகவும் இருக்கலாம்.

மருத்துவர் நோயறியும் முறை

மருத்துவர் முதலில் கத்தியை எடுப்பதில்லை. குடலிறக்கம் அன்று என்று உறுதி செய்துகொண்டபின், கட்டியின் மேல் மயிரை நீக்கிச் சுத்தம் செய்து, ஊசி ஒன்றைச் செலுத்தி உறிஞ்சிப் பார்ப்பார். சீழ் வந்தால் சீழ்க்கட்டி. இரத்தம் வந்தால் இரத்தக்கட்டாகவோ இரத்தக் குழாய்க் கழலையாகவோ இருக்கலாம். தெளிந்த நீர் வந்தால் நீர்ப்பை. ஒன்றும் வராமல் ஊசி முனையில் சிறிது திசு மட்டும் ஒட்டியிருந்தால் அதைக் கண்ணாடி வில்லையில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். காய்ச்சலுடன் கணு வீங்கியிருந்தால் இரத்தப் பூச்சும் எடுக்கப்படும்.

இதிலும் தெளிவாகாவிட்டால் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதே முடிவான வழி. துண்டு எடுப்பதும் மருத்துவர் வேலையே. ஆனால் அதைச் சோதனைச்சாலைக்குக் கொண்டு சேர்ப்பது பல நேரங்களில் உழவரின் பொறுப்பாகிவிடுகிறது. ஆகையால் சில செய்திகளை அறிந்திருத்தல் நல்லது. திசுத் துண்டை 10 சத ஃபார்மலின் கரைசலில் இட வேண்டும். கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் இக்கரைசல் கிடைக்கும். துண்டின் அளவைப் போல் பத்து மடங்கு கரைசல் இருக்க வேண்டும். துண்டு ஒரு சென்டிமீட்டர் தடிப்புக்கு மேற்படாமல் இருந்தால்தான் மருந்து உள்ளே ஊறும். வாய் அகன்ற புட்டியாக இருத்தல் வேண்டும். குறுகிய வாயில் திணித்த துண்டு கெட்டியானபின் வெளியே வராது. சாராயத்திலோ உப்பு நீரிலோ போடுவதும், பனிப்பெட்டியில் உறைய வைப்பதும் சோதனையைக் கெடுத்துவிடும். ஃபார்மலின் நச்சு மருந்து. பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

புட்டியின் மேல் மாட்டின் இனம், வயது, காது வில்லை எண், கட்டி இருந்த இடம், கண்ட நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டவும். இத்தகைய திசுச் சோதனைக்குச் சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் நோய்க்குறியியல் துறைகளை உங்கள் மருத்துவர் மூலம் அணுகலாம். முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அந்தச் சில நாட்களில் மாட்டை விற்கவோ, கட்டியைத் தொடவோ வேண்டாம்.

சிகிச்சை

சாதுவான கழலை சிறிதாக இருந்து, மாட்டின் வேலைக்கும் கறவைக்கும் இடையூறு செய்யாவிட்டால், அளந்து கவனித்து வந்தாலே போதும். பெருத்து உரசுமானால் அறுவை செய்து அகற்றலாம்.

கொடிய கழலைக்கு ஆரம்ப நிலையில் அறுவையே சிறந்தது. கோரைப் புல்லை மேலாக அறுத்தால் அடியிலுள்ள கிழங்கிலிருந்து மீண்டும் கிளைப்பதை உழவர்கள் அறிவார்கள். இக்கழலையும் அவ்வாறே. ஆகவேதான் மருத்துவர் கட்டியோடு சுற்றியுள்ள நல்ல திசுவிலும் ஓரளவு சேர்த்து அகற்றுவார். சிறு கட்டிக்குப் பெரிய காயம் செய்துவிட்டாரே என்று எண்ணக் கூடாது. எலுமிச்சங்காய் அளவில் இருக்கும்போது இவ்வாறு சுற்றிலும் விட்டு அறுக்க இடமிருக்கும். தோள்பட்டையில் தேங்காய் அளவு ஆகித் தசைக்குள் வேர் விட்டபின் அறுக்க இடமிராது. சேங்கொட்டையும் சூட்டுக்கோலும் வைத்து ஐந்து, ஆறு மாதம் கடத்தியபின் வரும் மாடுகளைத் திருப்பி அனுப்ப நேர்வது இதனால்தான். அகற்றிய கட்டி முழுவதையும் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஓரம் வரை கழலை எட்டியிருந்ததா என்பது அதில் தெரியும்.

புற்றுக்கான ஊசி மருந்துகள் கறவை மாடுகளில் செலவுக்குக் கட்டுப்படுவது அரிது. பாலிலும் இறைச்சியிலும் மருந்து கலக்கும் அபாயமும் உண்டு. காவல் நாய்களின் இனப்பெருக்க உறுப்பில் வரும் பரவும் கழலைக்கு மட்டும் வாரம் ஒருமுறை போடும் வின்கிரிஸ்டின் ஊசி நல்ல பலன் தருகிறது.

வலிக்கு மருந்துக் கடையில் மனிதருக்கான ஊசியை வாங்கிப் போடும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். டைக்ளோஃபினாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. அம்மருந்து ஏறிய மாடு இறந்தால், அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிகின்றன. 2023இல் கீட்டோப்ரோஃபென், ஏசிக்ளோஃபினாக் ஆகியவையும் இவ்வாறே தடை செய்யப்பட்டன. மெலாக்சிகாம் போன்ற மாற்று மருந்தை மருத்துவர் அளவறிந்து கொடுப்பார்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் தீனியும் தண்ணீரும் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டு அப்படியே நடக்கவும். வயிறு நிரம்பிய மாட்டைப் படுக்க வைத்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும். மாடு சினையாக இருந்தால் எத்தனை மாதம் என்பதை மறைக்காமல் கூற வேண்டும். சினை முற்றிய மாடாயின் ஈன்றபின் அறுவையை வைத்துக்கொள்ள மருத்துவர் கூறலாம்.

அறுவைக்குப் பின் மாட்டைத் தனியே, உலர்ந்த தரையில் கட்டவும். காயத்தில் ஈ மொய்த்தால் புழு வைக்கும். ஆகையால் ஈ விரட்டும் களிம்பைக் காயத்தைச் சுற்றித் தடவி வரவும். தையலை நக்காதபடி கவனிக்கவும். பத்து முதல் பதினான்கு நாட்களில் தையல் பிரிக்கப்படும். நுண்ணுயிர் எதிர் மருந்து போட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை அந்தப் பாலை வீட்டிற்கோ சங்கத்திற்கோ கொடுக்கக் கூடாது. காயம் ஆறியபின்னும் ஓர் ஆண்டு வரை மாதம் ஒருமுறை அந்த இடத்தையும் அருகிலுள்ள கணுக்களையும் தடவிப் பார்த்து வரவும்.

செய்யக் கூடாதவை

சூடு போடுதல், சேங்கொட்டை எண்ணெய், எருக்கம்பால், முந்திரிக் கொட்டை எண்ணெய் ஆகியவற்றைத் தடவுதல், குதிரை மயிரால் இறுகக் கட்டுதல் ஆகியவை தோலை வேக வைத்துப் புண்ணாக்குமேயன்றிக் கழலையின் வேரை அழிக்கா. மேலும், அடையாளங்கள் குழம்பி, பின்னர் நோயறிவதும் கடினமாகிவிடும். கட்டியைத் தினமும் பிசைந்து தேய்ப்பதும் தவறு. ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் போடுவது இரத்தத்தின் வழியே பரவும் நோய்களைப் பந்தி வைத்துப் பரிமாறுவதற்கு ஒப்பாகும்.

வைத்திருப்பதா, கழிப்பதா?

சோதனை முடிவு வந்தபின் எடுக்க வேண்டிய முடிவு இது. மாட்டின் வயது, ஈற்று, பால் அளவு, சினை, கழலை பரவியுள்ளதா, அறுவைச் செலவு, அறுவைக்குப் பின் எவ்வளவு காலம் பயன் தரும் என்பனவற்றை மருத்துவருடன் அமர்ந்து கணக்கிட வேண்டும். இளம் பசுவுக்குச் சிறு கழலை என்றால் செலவு வீணாகாது. பல உறுப்புகளுக்கும் பரவிய நிலையில் அறுவை செய்வது மாட்டிற்கும் வேதனை, உழவருக்கும் கடன். காப்பீடு செய்த மாடாயின் சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, காப்பீட்டு நிறுவனத்திற்கு உரிய காலத்தில் தெரிவிக்கவும். காது வில்லை தொலையாமல் பார்த்துக்கொள்ளவும்.

கழலை உள்ள மாட்டைத் தொட்டால் மனிதருக்குப் புற்று வருமோ என்று பெண்கள் பால் கறக்க அஞ்சுவதுண்டு. அவ்வாறு தொட்டு ஒட்டுவதில்லை. எனினும் நோயுற்ற எந்த மாட்டின் பாலையும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்துவது சரியன்று.

வருமுன் காக்கும் வழிகள்

எல்லாக் கழலைகளையும் தடுக்க முடியாது. ஆனால் கழலை என்று நம்மைக் கலங்க வைக்கும் பல வீக்கங்களைத் தடுக்க முடியும். கன்று பிறந்தவுடன் தொப்புளுக்கு அயோடின் தடவவும். தொழுவத்தில் துருத்தி நிற்கும் ஆணி, கம்பிகளை அகற்றவும். நுகத்தடியை வழவழப்பாக இழைத்து வைக்கவும். உண்ணிகளை ஒழிக்கவும். ஒரு மாட்டிற்கு ஓர் ஊசி என்பதில் உறுதியாக இருக்கவும். தோல் கழலை நோய்க்கும் கோமாரிக்கும் உரிய பருவத்தில் தடுப்பூசி போடவும். எல்லாவற்றிற்கும் மேலாக, மாதத்தில் ஒரு நாள், அமாவாசையோ பௌர்ணமியோ நினைவில் நிற்கும் ஒரு நாளில், தலை முதல் வால் வரை மாட்டைக் கையால் தடவிப் பாருங்கள். கட்டி நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே கண்டுபிடிக்கும் கருவி உழவரின் கைதான்.

உழவர் பெருமக்களே, கட்டி கண்டால் கத்தியைத் தேட வேண்டாம், தரகரையும் தேட வேண்டாம். நூலால் அளந்து, நோட்டில் குறித்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்லுங்கள். ஓட்டிச் செல்ல இயலாத நிலையில் 1962 என்ற எண்ணைக் கூப்பிட்டால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கோரலாம். ஓர் ஊசி முனையில் தெரிந்துவிடக் கூடிய செய்திக்காக ஒரு கன்றையோ, ஓர் ஈற்றுப் பாலையோ இழக்க வேண்டியதில்லை.